முதலில் வாடிக்கை, பிறகு கடை



இம்மாதம் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அக்கா எழுதிய கடிதத்தையே பேசப்போகிறேன். அவருடைய கேள்வி உங்களில் பலருக்கும் உரியது என்பதால் பெயரை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

"டீச்சர் அவர்களுக்கு, நான் இருபது வருஷமாக லயத்து வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு அடுத்த வருஷம் 60 வயது முடிகிறது. வேலை நின்றால் தோட்டத்து வீட்டையும் விட வேண்டும். 8,000 வெள்ளி கடன் வாங்கிப் பட்டணத்தில் நாகரிக உடைக் கடை ஒன்று வைத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று மகள் சொல்கிறாள். வைக்கலாமா?"

அக்கா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இருபது வருஷம் தைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு ரவிக்கைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை எங்கும் எழுதவில்லை. கடையைப் பற்றி யோசிக்குமுன் அந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும்.

என் தாயாரும் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்தான். மாதத் தவணையில் வாங்கிய மிதி தையல் இயந்திரம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. மாலையில் அடுப்பு வேலை முடிந்ததும் அதன் முன் உட்காருவார். ஒரு தீபாவளிக்கு 31 உருப்படிகள் தைத்தார். பன்னிரண்டு பேர் "சம்பளம் போட்டதும் தருகிறோம்" என்று சொல்லி எடுத்துப் போனார்கள். உள்துணியும் நூலும் பட்டணத்தில் கடனுக்கு வாங்கியது. அந்தக் கடனை அடைக்க அம்மா காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைத்தார். நான் அப்போது நாலாம் வகுப்பு. பாக்கி நோட்டை எழுதுவது என் வேலை. "அம்மா, இதிலே நம் காசு எவ்வளவு?" என்று ஒரு நாள் கேட்டேன். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தோட்டம் கைமாறியது, சனங்கள் லாரி ஏறிக் கிள்ளானுக்கும் ரவாங்குக்கும் போனார்கள். பாக்கியும் அவர்களோடு லாரி ஏறிப் போய்விட்டது.

ஆகவே முதற்பாடம் விலை. உள்துணி வைத்த ரவிக்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல்துணி வாடிக்கைக்காரருடையது. உள்துணி 6 வெள்ளி, நூலும் கொக்கியும் 2 வெள்ளி, மின்சாரம், ஊசி, எண்ணெய் 1 வெள்ளி, பட்டணம் போய்வரும் செலவில் பங்கு 1 வெள்ளி, ஆக 10 வெள்ளி என்று வைப்போம். (உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.) வெட்டித் தைத்துக் கொக்கி வைக்க மூன்று மணி நேரம் ஆகிறது. நீங்கள் 25 வெள்ளி வாங்கினால் மிஞ்சுவது 15. மணிக்கு 5 வெள்ளி.

இது போதுமா என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 2024-ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பள ஆணை மாதத்துக்கு 1,700 வெள்ளி என்றும், மணிக்கு 8 வெள்ளி 17 காசு என்றும் வரையறுத்தது. பட்டணத்துக் கடையில் தரை கூட்டும் ஒருவருக்கும் அந்தக் கணக்கு உண்டு. கண் வலிக்க இரவில் தைக்கும் உங்களுக்கு ஏன் அதைவிடக் குறைய வேண்டும்? மூன்று மணிக்கு 24 வெள்ளி 51 காசு, செலவு 10 வெள்ளி, மொத்தம் 34.51. ஆக 35 வெள்ளிக்குக் குறைந்தால் நீங்கள் வாடிக்கைக்காரருக்குப் பணம் கொடுத்துத் தைக்கிறீர்கள் என்று பொருள்.

"சொந்தக்காரர்களிடம் எப்படி டீச்சர் வாய்விட்டுக் கேட்பது?" என்பீர்கள். வாய்விட்டுக் கேட்க வேண்டாம். விலையை ஓர் அட்டையில் எழுதி இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள். அத்தைக்கும் சித்திக்கும் அட்டை பதில் சொல்லும். துணி வாங்கும்போதே பாதிப் பணம், மீதி கொடுத்த பிறகே உருப்படி. 35 வெள்ளியில் பாதி 17 வெள்ளி 50 காசு. அதிலேயே உள்துணியும் நூலும் வாங்கிவிடலாம். அப்புறம் நீங்கள் ஏன் கடை வாசலில் கடன் சொல்லி நிற்க வேண்டும்? என் தாயாரின் தோடு போனது இந்த ஒரு வழக்கம் இல்லாததால்தான்.

இரண்டாவது பாடம் காலம். தையல் தொழிலுக்குத் தீபாவளி மட்டும் அறுவடை என்று இருந்தால், மற்ற மாதங்களில் இயந்திரம் தூங்கும். பள்ளி திறக்குமுன் சீருடை, தை மாதத்தில் பொங்கலும் தைப்பூசமும், தையிலும் ஆவணியிலும் கல்யாணம், கோவில் திருவிழா என்று நம்முடையவர்கள் வருவார்கள். கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சிக்கிஞ்சான், சபாக் பெர்ணம் என்று நம் வட்டாரம் முழுவதும் தோட்டத்தை ஒட்டியே மலாய்க் கம்பங்கள் இருக்கின்றன. பாஜு குருங் தைக்கக் கற்றுக்கொண்டவருக்கு நோன்புப் பெருநாளும் ஓர் அறுவடைதான். அது ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். நாட்காட்டியில் குறித்துவைத்து, இரண்டு மாதம் முன்னதாகவே கம்பத்தில் சொல்லிவிட வேண்டும். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது துணி வாங்குவதை நிறுத்திவிடுங்கள். கடைசி நேரத்தில் ஐந்து ரவிக்கை கூடுதலாக வாங்கிப் பத்தைப் பாழாக்குவது நஷ்டம். பெயரும் கெடும்.

மூன்றாவது, சரக்கு. நாகரிக உடைக் கடை என்றதும் கண்ணாடிப் பெட்டியும் தொங்கும் சேலைகளும் நினைவுக்கு வரும். விற்காத துணி என்பது மடித்து வைத்த ரொக்கம். அதுவும் அடுத்த வருஷம் மதிப்புக் குறையும் ரொக்கம். சரக்கு வைக்க ஆசை என்றால் சின்னதாகத் தொடங்குங்கள். சிறுமிகளுக்கான பாவாடை சட்டை ஆறு, வெவ்வேறு வயதுக்கு. ஒன்றுக்கு 30 வெள்ளி செலவு என்றால் 180 வெள்ளி முதல். 55 வெள்ளிக்கு நான்கு விற்றால் 220 வெள்ளி. முதல் திரும்பிவிட்டது, மேலே 40 வெள்ளியும் இரண்டு உருப்படியும் கையில் இருக்கின்றன. நான்கு விற்கவில்லையென்றால் அடுத்த ஆறைத் தைக்காதீர்கள். துணியையோ, நிறத்தையோ, விலையையோ மாற்றிப் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு ரவிக்கை, வாரம் ஐந்து நாள் என்றால் பத்து. செலவு போக ஒன்றுக்கு 25 வெள்ளி, வாரம் 250, மாதம் சுமார் 1,000 வெள்ளி. பட்டணத்தில் கடை வாடகை 700, மின்சாரம் தண்ணீர் 100, போக்குவரத்து 100 என்று வைத்துக்கொண்டால், மிஞ்சுவது 100 வெள்ளி. 8,000 வெள்ளிக் கடனை மூன்று வருஷத்தில் கட்ட மாதம் 222 வெள்ளி ஆகும், அதுவும் முதல் மட்டும். கடையில் உட்கார்ந்த நாளிலிருந்து மாதம் 122 வெள்ளி கைவிட்டுப் போகும். வீட்டுக்காரர் சம்பளம் நின்ற வருஷத்தில் இது தாங்குமா?

ஆகவே இப்போது கடை வேண்டாம். அதனால் தொழிலே வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். காஞ்சிபுரத்து நெசவாளரான நல்லி சின்னசாமி செட்டியார் பட்டுச் சேலைகளைச் சென்னைக்குக் கொண்டுபோய் விற்று, ஆட்களைப் பழகிக்கொண்ட பிறகே 1928-இல் தியாகராய நகரில் சிறு கடை வைத்தார். முதலில் வாடிக்கை, பிறகு கடை. இந்த வரிசையை மாற்றக்கூடாது.

உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அதற்குள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு வாடிக்கைக்காரரின் பெயர், தொலைபேசி எண், அளவு மூன்றையும் ஒரு கெட்டி நோட்டில் எழுதுங்கள். வீடு மாறினாலும் அந்த நோட்டு உங்களோடு வரும். உங்கள் உண்மையான கடை அதுதான். அடுத்த வீடு எங்கே அமைகிறதோ, அந்த ஊரில் இப்போதே பத்துப் பேருக்குத் தைத்துக் கொடுங்கள். தொழிலை எஸ்.எஸ்.எம். எனும் நிறுவன ஆணையத்தில் பதிவு செய்யுங்கள். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். நீங்களோ பல வருஷமாகத் தைக்கிறீர்கள், ஆகவே இனியும் தள்ளிப்போட வேண்டாம். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. அந்தப் பத்திரம் கையில் இருந்தால்தான் வங்கியிலும் கடன் அலுவலகத்திலும் உங்களைத் தொழில் செய்பவர் என்று மதிப்பார்கள்.

கடன் வாங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். வாடகைக்கும் அலங்காரத்துக்கும் வாங்காதீர்கள், வருமானத்தைக் கூட்டும் இயந்திரத்துக்கு வாங்குங்கள். ஓரம் அடிக்கும் இயந்திரம் ஒன்று மூன்று மணி வேலையை இரண்டரை மணியாகக் குறைத்தால், அது தன் விலையைத் தானே கட்டிவிடும். வட்டிக்காரரிடம் மட்டும் போகவேண்டாம்.

சிறுகடன் என்பது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. வங்காளதேசத்தில் முகம்மது யூனுஸ் தொடங்கிய கிராமீன் வங்கியைப் பின்பற்றி, இந்நாட்டில் முதன்முதலாக 1986-இல் சோதனை நடந்தது இதே வடமேற்குச் சிலாங்கூரில்தான். 'புரோஜெக் இக்தியார்' என்று பெயர். ஐந்து ஐந்து பேராகக் குழு சேர்ந்து, வாரந்தோறும் கூடி, சிறு தொகையாகக் கட்டினார்கள். அது 1987-இல் அமானா இக்தியார் மலேசியா ஆனது. அன்று அது கம்பத்து ஏழைகளை மையமாகக் கொண்டிருந்தது. பக்கத்திலேயே இருந்த நம் லயங்களில் பலருக்கு அந்தச் செய்தியே எட்டவில்லை. அதே நிறுவனம் 2024-இல் இந்தியப் பெண்களுக்கென்று 'பெண்' எனும் திட்டத்தை 5 கோடி வெள்ளி ஒதுக்கீட்டில் அறிவித்தது. டெக்குன் நேஷனலின் கீழ் இந்தியர்களுக்கான ஸ்பூமி கடன் திட்டமும் நடந்துவந்திருக்கிறது. இந்த முறை செய்தி எட்டவில்லை என்று இருந்துவிடாதீர்கள். நேரில் போய், இப்போது என்ன திட்டம், என்ன நிபந்தனை என்று கேளுங்கள். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வாருங்கள். உங்கள் தோட்டத்துப் பள்ளியில் எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார்.

ஐவர் சேர்ந்தால் கடன் மட்டுமல்ல, வேலையும் பெருகும். ஒருவர் வெட்ட, ஒருவர் தைக்க, ஒருவர் கொக்கி வைக்க, ஒருவர் பூவேலை செய்ய, ஒருவர் கணக்கும் பட்டணமும் பார்க்கலாம். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டப் பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டியே தோட்டங்களை வாங்கினார்கள். தோட்டத்தையே வாங்கிய கைகளுக்குத் தையல் இயந்திரம் இரண்டு வாங்குவது பெரிய காரியமா?

மாதம் 1,000 வெள்ளி வந்த இடத்தில் ஐவர் சேர்ந்து, அவரவர் கூலி போக, கடை வாடகையைப்போல மூன்று மடங்கு ஆறு மாதம் தொடர்ந்து மிஞ்சினால், அப்போது கடைக்கு இடம் பாருங்கள். திறப்பு விழாவுக்கு நானே வருகிறேன்.

என் தாயாரின் பாக்கி நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பன்னிரண்டு பெயர்களில் நான்குக்கு மட்டுமே கோடு அடித்திருக்கிறது. அக்கா, நீங்கள் இன்றிரவு புது நோட்டு ஒன்றைத் திறந்து, முதல் பக்கத்தில் ஒரு ரவிக்கையின் செலவை எழுதுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அந்தக் கணக்கை எல்லோருமாகச் சேர்ந்து பார்ப்போம்.