போட்மாஸ் மந்திரம் ஓதியது போதும்!



என்னிடம் பயின்று இப்பொழுது இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட மாணவன் ஒருவன், சென்ற வாரம் தன் பயிற்சித்தாளோடு வந்தான். −3² என்னும் கணக்குக்கு 9 என எழுதியிருந்தான். சிவப்பு மையில் தவறு போடப்பட்டிருந்தது. "நீங்கள் கற்றுக்கொடுத்த போட்மாஸ்படிதானே செய்தேன், ஐயா?" என்றான். அக்கேள்வி என்னைச் சுட்டது.

குற்றம் அவனுடையதன்று, நம்முடையது! காரணம் சொல்லாமல் எழுத்துகளை மட்டுமே ஓத வைத்தோம். அதன் விளைவைப் பாருங்கள். கூட்டலுக்குப் பின்தான் கழித்தல் என நம்பும் பிள்ளை, 10 − 4 + 3 என்பதற்கு 3 என்கிறான். சரியான விடை 9. கூட்டலும் கழித்தலும் சமநிலை. இடமிருந்து வலமாகச் செய்ய வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் அவ்வாறே.

பெருக்கல் ஏன் முதலில் வருகிறது? தேநீர் 2 ரிங்கிட். நாசி லெமாக் 3 பொட்டலம், ஒன்று 4 ரிங்கிட். 2 + 3 × 4 = 14. கடைக்காரர் 20 ரிங்கிட் கேட்டால் கொடுப்பீர்களா? இதைச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

எதிர்மறை எண்ணுக்கும் இதே தெளிவு வேண்டும். 10 − 3² என்பது 1 என்பதில் எவருக்கும் ஐயமில்லை. 10 இருந்த இடத்தில் 0 வைத்தால் 0 − 3² = −9. அதுவேதான் −3². அடுக்கு 3-ஐ மட்டுமே சாரும்; கழித்தல் குறியையும் சேர்க்க அடைப்புக்குறி தேவை: (−3)² = 9.

இது மாந்தர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. எக்செல் மென்பொருள் =−3^2 என்பதற்கு 9 என்றே காட்டும்; அதன் மரபு வேறு. ஆகவே, பெற்றோர்களே, கணினி காட்டும் விடையை மட்டும் நம்பிப் பிள்ளையைக் கடியாதீர்கள்.

"தேர்வுக்கு இது போதும், நேரமில்லை" என்பார் சிலர். யூ.பி.எஸ்.ஆர். தேர்வே 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது! இன்னும் யாருக்காக இந்த மனப்பாடம்?

அம்மாணவனிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். தாளைத் திருப்பி, காரணத்தோடு மீண்டும் செய்தோம். பத்தே நிமிடம்தான் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தை நான்காம் ஆண்டிலேயே கொடுத்திருக்க வேண்டாமா?