மண்ணை மறந்த மரநடுகை

மரம் நடுதல் நற்பணி என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின், நட்ட மரங்களை எண்ணுவோர் அவை நிற்கும் மண்ணை நோக்காதொழிதல் தகுமா என்பதே எமது வினா.

மண்ணியல் அறிஞர் றிச்சாட் பூயாட்டும் அவர்தம் குழுவினரும், நியூயோர்க் நகரின் புறொங்ஸ் பகுதி தொட்டுக் கொனெற்றிக்கட் மாநிலத்து நாட்டுப்புறம் வரையுள்ள ஓக்கு வனங்களை ஆராய்ந்து, 1990களில் தம் முடிபுகளை வெளியிட்டனர். மேலே நின்றவை ஒத்த இன மரங்களே. கீழே மண்ணோ வேறுபட்டிருந்தது. நகரை அணுக அணுக மண்ணில் ஈயமும் செம்பும் மிகுந்தன. நகர்ப்புறச் சருகு இயல்பில் எளிதில் மக்காதது; எனினும், நகர வனங்களிலேயே சருகு விரைந்து மக்கிற்று. நகரின் வெப்பமும், மனிதரோடு பிறநாடுகளிலிருந்து வந்து பரவிய மண்புழுக்களுமே இதற்குக் காரணமென அவர்கள் கருதினர். ஒரு கிளையையும் வெட்டாமலே நகரம் வனத்தை வேரின்கீழ் மாற்றவல்லது என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. அந்நகரில் 2007இல் தொடங்கிய பத்து இலட்சம் மரநடுகை 2015இல் நிறைவெய்திற்று. அது போற்றத்தக்க செயலே. ஆயினும், எண்ணிக்கை முயற்சியின் அளவேயன்றி மரவாழ்வின் அளவன்று. நடைபாதையின்கீழ் இறுகிய மண்ணில் நீரும் காற்றும் எளிதிற் புகா, வேர் ஓடாது, கன்று வாடும். ஆதலின், மரநடுகைக்கெனத் திரட்டும் பொருளில் ஒரு பங்கை மண்ணைச் சோதித்தற்கும் நெகிழ்த்துதற்கும் நகரசபைகள் முதற்கண் ஒதுக்குதல் வேண்டும். நடுகை நாளில் எடுக்கும் நிழற்படத்தினும், இருபதாண்டின்பின் அம்மரம் தரும் நிழலே மேலாம்.