கடலடிக் கப்பல் காயலான் கடைச் சரக்கா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வாழும் மாணவர்களுக்குப் பழைய இரும்பு புதிய காட்சியன்று. உடைந்த எந்திரங்களும் துருவேறிய தகடுகளும் லாரி லாரியாக வந்து இறங்குகின்றன. உலையில் உருகிக் கம்பியாக நீண்டு, வீடு கட்டப் புறப்பட்டுப் போகின்றன. எந்த ஊர்ப் பாலம், எந்த ஆலையின் கொதிகலன் என்று உலை விசாரிப்பதில்லை. எடை தெரிந்தால் போதும். பயன் தீர்ந்த பொருளை மீண்டும் பயனுக்குக் கொண்டுவருவது நல்ல காரியந்தான். ஆனால், எல்லா இரும்பையும் இப்படி எடை போட்டு மட்டும் மதிப்பிடலாமா? முந்நூறு பேரின் உயிரோடு கடலுக்குள் போன ஒரு கப்பலும் வெறும் இரும்புதானா? மாணவ நண்பர்களே, இந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மட்டக்களப்புக் கடலில் ஒரு கப்பல்

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்கு அப்பால், ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் 'ஹெர்மிஸ்' என்னும் கப்பல் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. இரண்டாம் உலகப் போரின்போது, திருகோணமலைத் துறைமுகத்தை ஜப்பானியர் தாக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வந்ததால், இந்தப் பிரிட்டிஷ் கப்பல் இரவோடிரவாக அங்கிருந்து வெளியேறியது. விமானந்தாங்கி என்று பெயர். அன்று அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. மறுநாள், 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், ஜப்பானியக் குண்டு வீச்சு விமானங்கள் அதைக் கண்டுபிடித்து மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். உடன் வந்த 'வேம்பயர்' என்னும் ஆஸ்திரேலியக் கப்பலும் மூழ்கியது. அருகே சென்றுகொண்டிருந்த 'வீட்டா' என்னும் மருத்துவமனைக் கப்பல் ஏறத்தாழ அறுநூறு பேரைக் கடலிலிருந்து மீட்டது.

இது யாரோ எவரோ நடத்திய போரின் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதே ஏப்ரல் மாதத்தில்தான், ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் சென்னை நகர மக்கள் மூட்டை முடிச்சுகளோடு கிராமங்களை நோக்கிக் கிளம்பினார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அவர்களுடைய பெற்றோர் சொன்ன கதைகளில் இதுவும் இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

இன்று ஸ்கூபா என்னும் சுவாசக் கருவியை அணிந்துகொண்டு பலர் இத்தகைய கப்பல்களைக் காணவும் படம் எடுக்கவும் கடலுக்குள் இறங்குகிறார்கள். அது சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்லுமுன், அது எத்தகைய வேலை என்று பார்ப்போம்.

ஆறு மடங்கு அழுத்தம்

நீரில் 10 மீட்டர் இறங்கினால், ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது என்று படித்திருக்கிறீர்கள். 53 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் 5.3, மேலே உள்ள காற்றின் அழுத்தம் 1, ஆக மொத்தம் 6.3 வளிமண்டலம். 12 லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில் 200 வளிமண்டல அழுத்தத்தில் காற்றை அடைத்தால், அது கரையில் 2,400 லிட்டர் காற்றுக்குச் சமம். நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்குக் கரையில் அது இரண்டு மணி நேரம் வரும். பாயில் விதிப்படி, ஹெர்மிஸ் கிடக்கும் ஆழத்தில் அதே காற்று 19 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இறங்க, ஏற, ஆபத்துக்கு ஒதுக்க என்று கழித்தால் கப்பலைப் பார்க்க எஞ்சுவது சில நிமிடங்களே.

இன்னொரு சிக்கலும் உண்டு. கோலி சோடாவைத் திறந்ததும் குமிழிகள் பொங்குகின்றன அல்லவா? அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் குறைந்ததும் வெளியேறுகிறது. ஆழத்தில் சுவாசிப்பவருடைய இரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் இப்படித்தான் கரைகிறது. அவர் அவசரப்பட்டு மேலே வந்தால் உடலே சோடாப் புட்டியாகிவிடும்; மூட்டுவலியில் தொடங்கி, வாதம், மரணம் வரை நேரலாம். இடையிடையே நின்று நின்று மேலேறும் முறையை ஜான் ஹால்டேன் என்னும் விஞ்ஞானி 1908-ஆம் ஆண்டில் அட்டவணையாக வகுத்துத் தந்தார். பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு 40 மீட்டரே எல்லை என்று பயிற்சி நிறுவனங்கள் வைத்திருப்பதன் காரணம் இப்போது விளங்கும். ஹெர்மிஸைக் காணத் தனிப் பயிற்சி வேண்டும்.

படம் எடுப்பதும் எளிதன்று. நீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கிவிடுகிறது. முப்பது மீட்டருக்குக் கீழே உலகமே நீலமும் பச்சையுமாகத் தெரியும். விளக்கைக் கொண்டுபோனாலும், நேராகப் பாய்ச்சினால் நீரில் மிதக்கும் துகள்கள் ஒளியைத் திருப்பி அனுப்பிக் கண்ணைக் கூசச் செய்யும். மார்கழிப் பனிமூட்டத்தில் கொல்கத்தா நெடுஞ்சாலையில் வரும் லாரிக்காரர் முகப்பு விளக்கைத் தாழ்த்தி ஓட்டுவது இதனால்தான். கடலடியில் விளக்கைப் பக்கவாட்டில் தள்ளி வைக்கிறார்கள். நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால், கண்ணாடி முகமூடி வழியாகப் பார்க்கும்போது பொருள்கள் உண்மைத் தொலைவில் முக்கால் பங்கிலேயே இருப்பதுபோல் தோன்றும். நான்கு மீட்டர் தள்ளியிருக்கும் தகட்டை மூன்று மீட்டர் என்று கண் பொய் சொல்லும்.

இறங்கக் கூடாதா?

"அது கல்லறை. அங்கே யாரும் போகவே கூடாது" என்பார் ஒரு சாரார். அவர்களுடைய உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால், ஜாவாக் கடலில் நடந்ததைக் கேளுங்கள். 1942 பிப்ரவரி 27-ஆம் நாள் நடந்த போரில் 'டி ராய்ட்டர்', 'ஜாவா' ஆகிய டச்சுப் போர்க்கப்பல்கள் நூற்றுக்கணக்கான மாலுமிகளுடன் மூழ்கின. அந்தப் போரின் 75-ஆம் ஆண்டு நினைவுக்காக, 2016-இல் முக்குளிப்போர் படம் எடுக்க இறங்கினார்கள். மணலில் பள்ளம் இருந்தது, கப்பல்கள் இல்லை! பழைய இரும்புக்காக யாரோ துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். படம் எடுக்கப் போனவர்களால்தான் திருட்டே வெளியில் தெரிந்தது. யாரும் பார்க்காத கல்லறைக்குக் காவலும் இல்லை.

கடலும் சும்மா இருப்பதில்லை. உப்புநீர் இரும்பை நாள்தோறும் அரிக்கிறது. 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலை 2022-இல் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி முப்பரிமாண உருவம் அமைத்தார்கள். நம் இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளைக் கண்டு ஆழத்தை உணர்வது போன்றதே இம்முறை. இரண்டே ஆண்டு கழித்து, 2024-இல் போய்ப் பார்த்தபோது, முன்பகுதியிலிருந்த கைப்பிடிக் கம்பியில் ஒரு பகுதி இற்று வீழ்ந்திருந்தது. முந்தைய படம் இல்லாவிட்டால், எது எப்போது விழுந்தது என்று எப்படி அறிவது? நோயாளியின் எக்ஸ்ரே படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும் மருத்துவரைப் போல, ஆராய்ச்சியாளருக்கு இந்தப் படங்கள் வேண்டும்.

எடுத்தால் என்ன?

"வீணாகக் கிடக்கும் உலோகத்தை எடுத்தால் என்ன குற்றம்?" என்று மறு சாரார் வினவலாம். பௌதிக ஆசிரியனான என்னைச் சோதிக்கும் கேள்வி இது. 1945-இல் அணுகுண்டு வெடிப்புகள் தொடங்கியபின், காற்றில் கதிரியக்கத் துகள்கள் கலந்தன. எஃகு உருக்கும்போது காற்றைச் செலுத்துவதால், புதிய எஃகில் அவையும் சிறிதளவு சேர்ந்துகொண்டன. மிக நுண்ணிய கதிர்வீச்சை அளக்கும் கருவிகளுக்கு அந்த எஃகு உதவாது. அதனால் 1945-க்கு முன் உருக்கிய எஃகைத் தேடி விஞ்ஞானிகள் மூழ்கிய கப்பல்களிடம் போனார்கள்! ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா புளோவில், 1919-இல் ஜெர்மன் மாலுமிகள் தாங்களே நீர் புகவிட்டு மூழ்கடித்த கப்பல்களின் எஃகு இப்படிப் பயன்பட்டது. அவை போரில் மாண்டோரைச் சுமந்து மூழ்கியவை அல்ல என்பதை நினைவில் வையுங்கள். 1963-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் வளிமண்டலச் சோதனைகள் குறைந்ததால், இன்று அந்தத் தேவையும் வெகுவாகக் குறைந்துவிட்டது. விஞ்ஞானத்தின் பெயரால் கல்லறையை உடைக்க இன்று காரணம் ஏதுமில்லை.

எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பூம்புகார்க் கடலில் 19 மீட்டர் ஆழத்தில் ஒரு பழைய கப்பலின் சிதைவுகளைத் தொல்லியலார் கண்டார்கள். அதிலிருந்த ஈயக் கட்டிகளில் 1791, 1792 என்ற ஆண்டுகள் பொறித்திருந்தன. கப்பலின் காலத்தை அந்த எழுத்துகளே காட்டிக் கொடுத்தன. ஒருவர் அவற்றை வெறும் ஈயமென்று உருக்கி வலைக்குண்டு ஆக்கியிருந்தால்? எது எங்கே எப்படிக் கிடந்தது என்று அளந்து, வரைந்து, படமெடுத்தபின் அறிஞர் எடுப்பது ஆராய்ச்சி. மேசையில் வைத்து அழகு பார்க்க ஒருவர் ஒரு திருகாணியைப் பெயர்ப்பது, புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழிப்பதாகும்.

பகைவனுக்கும் ஒரு மரியாதை

1971-ஆம் ஆண்டுப் போரில் பாகிஸ்தானின் 'காஸி' என்னும் நீர்மூழ்கிக் கப்பல் விசாகப்பட்டினத்துக்கு அருகே 93 பேருடன் மூழ்கியது. அதே போரில், டிசம்பர் 9-ஆம் நாள், நம்முடைய 'குக்ரி' கப்பல் டையூவுக்கு அப்பால் 194 பேருடன் மூழ்கியது. காஸி கிடக்குமிடத்தை நம் கடற்படையின் ஆழ்கடல் மீட்புக் கலம் கண்டறிந்த செய்தி 2024-இல் வெளிவந்தது. மாண்டவர்களுக்கு மரியாதையாக அதைத் தொடாமல் விட்டதாகக் கடற்படையினர் கூறினர். பகைவரின் கப்பல்தான், ஆனால் உள்ளே கிடப்பவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள். குக்ரியின் வீரர்களை நினைக்கும் நாட்டுக்கு இது புரியாதா?

இந்தப் பண்பு நம் மாவட்டத்துக்கும் புதிதன்று. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாயிலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். சுற்றுலா போனால் நாம் அவற்றைப் படம் எடுக்கிறோம், எழுத்துகளைப் படிக்க முயல்கிறோம். கல்லைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அதே பழவேற்காட்டில் 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அந்தப் படகின் பலகை ஒன்றை வைத்துக்கொண்டு, இறந்தவர்களின் உறவினர் முன்னே பெருமை பேச உங்களுக்கு மனம் வருமா? வராது. எழுபது, எண்பது ஆண்டு கடந்துவிட்டால் மட்டும் வரலாமா?

நூறாண்டு வரை காத்திருப்பதா?

யுனெஸ்கோ 2001-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை வகுத்தது. கடலடி மரபுச் சின்னங்களை இருந்த இடத்திலேயே பாதுகாப்பதை முதல் வழியாகக் கொள்ள வேண்டும். தீங்கு செய்யாமல் சென்று காண்பதையும் பதிவு செய்வதையும் ஊக்குவிக்க வேண்டும் என்கிறது அது. ஆயினும், நீருக்குள் நூறாண்டு கிடந்தவற்றுக்கே அது பொருந்தும். ஹெர்மிஸுக்கு நூறு நிறைவது 2042-இல்தான். அதுவரை அதைக் காப்பது எது? ஒவ்வொரு நாட்டின் சட்டமும், இறங்குகிற ஒவ்வொருவரின் மனச்சாட்சியுமே. இரும்பு விலை ஏறும்போதெல்லாம் இவ்விரண்டுக்கும் சோதனைதான்.

ஆகவே என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தகுந்த பயிற்சியுடன் போகலாம், பார்க்கலாம், படம் எடுக்கலாம். ஒரு திருகாணியையும் எடுக்கலாகாது. மனித எலும்புகளைக் காட்சிப் பொருளாக்கலாகாது. வெளியிடும் ஒவ்வொரு படத்தின் கீழும் கப்பலின் பெயர், மூழ்கிய நாள், மாண்டோர் எண்ணிக்கை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இவையில்லாத படம், மீன்கள் சூழ்ந்த அழகிய இரும்புக் குவியல். இவை உள்ள படமோ வரலாற்றுச் சான்று.

நம் நெய்தல் கரையில் பிறந்த உங்களில் சிலர் நாளை கடலியல் படிப்பீர்கள். சிலர் சிப்காட் உலைகளிலேயே பொறியாளராக அமர்வீர்கள். முன்னவர் கையில் கேமரா இருக்கும். பின்னவர் கையில் எடைச் சீட்டு இருக்கும். இருவருக்கும் ஒன்று சொல்வேன். இரும்பின் எடையை அளக்கும்போது, அது எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள்.