முப்பதாம் உறுப்பின் மறுபாதி

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் உறுப்பு, கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை இரு சாராருக்கு வழங்குகிறது. ஒரு சாரார் மதச் சிறுபான்மையினர். மற்றவர் மொழிச் சிறுபான்மையினர். கர்நாடக நகரங்களின் கத்தோலிக்கப் பங்குப் பள்ளிகள் பலவும் இதில் முதற்பாதியை மட்டுமே மனப்பாடமாக வைத்திருக்கின்றன. அரசு அதிகாரி கேள்வி கேட்டால் அவை சிறுபான்மைப் பள்ளிகள்; தமிழ்க் குழந்தை ஒன்று வாசலில் வந்து நின்றால் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறாகிவிடுகிறது.

மார்டள்ளியை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். மாதேசுவரன் மலையை ஒட்டிய அவ்வூர், தமிழ் பேசும் கத்தோலிக்கர் திரளாக வாழும் ஊர். வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலச் செய்திகளாலும், 2018 டிசம்பரில் பக்கத்துச் சுள்வாடிக் கோயிலில் நஞ்சு கலந்த பிரசாதத்தால் நேர்ந்த சாவுகளாலுமே வெளியுலகம் அப்பகுதியை அறியும்; பள்ளிக்கூடம் செய்தியாவதில்லை. அவ்வூரை உள்ளடக்கிய பழைய கொள்ளேகால் தாலுகா, 1956 அக்டோபர் 31 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்துடன் சேர்ந்தது. ஊரார் எவரும் குடிபெயராமலே மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். அதே நவம்பர் 1 அன்றுதான் அரசமைப்பின் ஏழாம் திருத்தமும் நடைமுறைக்கு வந்தது. அத்திருத்தம் சேர்த்த 350-ஏ உறுப்பு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்து தருமாறு ஒவ்வொரு மாநிலத்தையும் பணிக்கிறது. எல்லையும் வாக்குறுதியும் ஒரே நாளில் வந்தன. எல்லை நிலைத்துவிட்டது.

அத்தகைய ஊர்களிலிருந்து மைசூருக்கும் பெங்களூருக்கும் பிழைப்புத் தேடி இறங்கும் குடும்பத்துக்கு நகரத்தில் முன்பே பழகிய நிறுவனம் ஒன்று உண்டென்றால் அது பங்குக் கோயில்தான். கோயிலை ஒட்டியே பள்ளி. பயிற்றுமொழி ஆங்கிலம். 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டப்படி கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ இருந்தாக வேண்டும். அதில் பிழையொன்றும் இல்லை, அந்த மண்ணில் வாழும் குழந்தைக்கு அம்மொழி வேண்டும். தமிழுக்கு மட்டும் பாடவேளை கிடையாது. ஞாயிறன்று அதே வளாகத்தில் தமிழ்த் திருப்பலி நடக்கிறது. தமிழ்ப் பாடலைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிள்ளைகள் பாடுவது கர்நாடகத் தமிழர் வீடுகளுக்குப் புதிதன்று. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்குக் கதவு திறந்தது. பீடத்தில் ஒலிக்கும் மொழி, முப்பதடி தள்ளியிருக்கும் வகுப்பறையில் ஏன் நுழையக்கூடாது?

2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு இரு தீர்ப்புகளை வழங்கியது. ஒன்று, 1994ஆம் ஆண்டின் கர்நாடக மொழிக்கொள்கை அரசாணை பற்றியது: தொடக்கப் பள்ளிகள்மீது தாய்மொழிவழியைத் திணிக்க அரசுக்கு அதிகாரமில்லை, குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரே முடிவு செய்வர் என்றது. மற்றொன்று பிரமாதி வழக்கு: சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்றது. தனித்தனியே இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். சேர்த்துப் பார்த்தால், ஏழைக் குழந்தைகளுக்கென ஒதுக்க வேண்டிய 25 விழுக்காட்டு இடமும் மொழிக் கடமையும் ஒரே நாளில் கழன்றன. சட்டம் விலகிய இடத்தில் மனச்சான்றுதான் எஞ்சுகிறது. அதைப் பற்றித் திருச்சபையே எழுதி வைத்திருக்கிறது: கத்தோலிக்கப் பள்ளி குறித்த 1977ஆம் ஆண்டு உரோமை ஆவணம், கல்விப்பணி முதலில் வறியோருக்கே உரியது என்றும், வசதியுள்ளோர் பக்கம் அது சாய்ந்தால் அநீதியான சமூகத்துக்கே துணைபோகும் என்றும் எச்சரிக்கிறது. கட்டண அறிவிப்பை ஒட்டும் பலகையில் அந்தப் பத்தியையும் ஒட்டினால் என்ன?

பங்குப் பள்ளி என்ற அமைப்பு நகரத்தில் வேரூன்றிய வரலாறு இதற்கு நேர்மாறானது. 1884இல் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஆயர்கள், ஒவ்வொரு கோயிலுக்கும் அருகே இரண்டாண்டுக்குள் பள்ளி எழ வேண்டும் என ஆணையிட்டனர். ஆலைத் தொழிலுக்கு வந்த போலந்தியரும் செர்மானியரும் நாணயம் நாணயமாகச் சேர்த்து அப்பள்ளிகளை எழுப்பினர். சொந்த மொழியிலும் பயிற்றுவித்தனர். சிகாகோவின் புனித ஸ்தனிஸ்லாஸ் கொஸ்கா பங்கு அதற்குப் பேர்பெற்ற சான்று. விஸ்கான்சின் மாநிலம் 1889இல் ஆங்கிலவழியைக் கட்டாயமாக்கிப் பென்னட் சட்டம் இயற்றியபோது, கத்தோலிக்க ஆயர்கள் லூத்தரன் சபையாரோடு ஒரே அணியில் நின்று எதிர்த்தனர். மறு ஆண்டுத் தேர்தலில் ஆளுநர் தோற்றார். 1891இல் சட்டம் நீக்கப்பட்டது. அங்கே அரசு திணித்தபோதும் ஆயர்கள் பணியவில்லை. இங்கே திணிக்க எவரும் இல்லை. ஆங்கிலம் தானாகவே அரியணை ஏறியிருக்கிறது.

“பெற்றோரே ஆங்கிலம் கேட்கின்றனர்” என்பது வழக்கமான விடை. அதை எள்ளி நகையாட இயலாது. தன் பிள்ளைகளை ஆங்கிலவழியில் சேர்த்துவிட்டுக் கூலிக்காரரின் பிள்ளைக்குத் தாய்மொழியின் மேன்மையை உபதேசிக்கும் மேட்டுக்குடித் தமிழ்ப்பற்று அருவருப்பானது. ஆங்கிலம் தலித் குடும்பங்களுக்கு ஏணி என்பதும் மெய். ஆனால் ஆங்கிலத்தைக் கற்பது வேறு. ஐந்து வயதுக் குழந்தை தனக்குத் தெரியாத மொழியில் எழுத்தறிவு பெறத் தொடங்குவது வேறு. புரியாத சொல்லை உரக்க ஒப்பிக்கும் குழந்தை வாசிப்பதுபோலத் தோன்றும். நான்காம் வகுப்பில் கணக்குப் பாடத்தின் சொற்கணக்கு வரும்போதுதான் குட்டு வெளிப்படும். அப்போது உதவ வேண்டிய தாய்க்குத் தமிழ் மட்டுமே தெரியும். வீட்டில் கையூன்ற ஆளில்லாத பிள்ளைக்கு அந்த ஏணியின் முதற்படியே எட்டாது.

பேசப்படாத காரணம் ஒன்றுண்டு: அச்சம். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையையொட்டி 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்மீது நிகழ்ந்த வன்முறையை எவரும் மறக்கவில்லை. கர்நாடகத் திருச்சபைக்குள்ளும் வழிபாட்டு மொழி குறித்த பூசல் நீண்டது. பள்ளியில் தமிழ் என்றாலே பதாகையோடு ஆள் வருவர் என்று பங்குத்தந்தை தயங்குவதில் பொருளுண்டு. ஆயினும் கன்னடத்தை அகற்றும்படி இங்கே எவரும் கோரவில்லை. தமிழ்க் குழந்தைகள் சேரும் பங்குப் பள்ளியில், முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தமிழில் எழுதப் படிக்கக் கற்பிக்கும் ஓர் ஆசிரியர். நாளொன்றுக்கு ஒரு பாடவேளை. அவ்வளவே கோரிக்கை. எந்தச் சட்டமும் இதைத் தடுக்கவில்லை. 30ஆம் உறுப்பின் மறுபாதி இதற்கென்றே எழுதப்பட்டது. சம்பளத்துக்குப் பணமில்லை என்று சொல்லும் நிர்வாகங்கள், கடந்த ஐந்தாண்டில் வளாகச் சுவருக்கும் நுழைவாயில் வளைவுக்கும் செலவிட்ட கணக்கைப் பங்குப் பேரவையின் முன் வைக்கட்டும்.