சோறு போட்ட கை

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையேறி, ஏறிய இடத்தை விட்டு நகராமல் நின்று மழையைக் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மின்சாரமற்று இருளில் மூழ்கியிருந்த எங்கள் சேதராப்பட்டு வீட்டின் தெருக்கதவை எதுவோ நகத்தால் பிறாண்டுகிற சப்தம் கேட்டது. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தேன். தெருவில் நாலு வீட்டுச் சோற்றில் வளர்ந்த செவலை நாய் ஒன்று, வாயில் ஒரு குட்டியைக் கவ்வியபடி திண்ணையில் நின்றது. குட்டியை என் காலடியில் வைத்துவிட்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கிப் போயிற்று. இப்படி நான்கு முறை போய்வந்து, நான்கு குட்டிகளையும் கொண்டுவந்து சேர்த்தபின், தான் மட்டும் நிலைப்படிக்கு வெளியே, சாரல் அடிக்கிற இடத்திலேயே படுத்துக்கொண்டது. அதுவரை யாரும் அதை வாசலுக்குள் விட்டதில்லை. அந்த மரியாதையை அது அந்தப் பிரளய இரவிலும் மறக்கவில்லை. என் மனைவி சாக்கை விரித்துப் போட்டு, "உள்ள வா" என்று இரண்டு முறை அழைத்த பிறகே படியைத் தாண்டியது.

அந்த ஒரு நாளில் எங்களுக்கு வடமேற்கே மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேலும், புதுவையில் அதற்குச் சற்றே குறைவாகவும் மழை பதிவாயிற்று. பொழுது விடிந்ததும் என் பேத்தி குட்டிகளில் ஒன்றுக்கு லட்சுமி என்று பெயர் வைத்தாள். மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி, சரியாக இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2022 நவம்பர் 30 அன்று, காலை நடையில் சாய்ந்து உயிர்விட்டதும், ஊரே திரண்டு அழுததும் குழந்தையின் நெஞ்சில் அப்படியே இருந்திருக்கின்றன. தாய் நாய்க்கோ ஒரே பெயர் கிடையாது. எங்கள் வீட்டில் அது செவலை, எதிர்வீட்டில் ராணி, மூலை டீக்கடையில் மணி. மூன்று பெயருக்கும் அது வாலை ஆட்டும். ஆனால் மூன்று பெயரில் எதுவும் எந்தத் தடுப்பூசிச் சீட்டிலும் ஏறியிருக்கவில்லை.

அந்தக் குற்றம் எனக்கு உறைத்தது மார்கழி மாதத்தில். குட்டிகளைத் தொட வந்த பக்கத்து வீட்டுப் பையனின் கெண்டைக்காலில் செவலை பல் பதித்துவிட்டது. காயத்தைக் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவினோம். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு ஓடினோம். அன்று ஓர் ஊசி, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று தேதி குறித்துக் கொடுத்தார்கள். கடித்த நாயைப் பத்து நாள் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். வெறிநோய்க் கிருமி எச்சிலில் இருக்குமானால் அதற்குள் நாயே நோய் முற்றி மடிந்துவிடும் என்பது அதன் தாத்பரியம்.

அந்தப் பத்து நாளும் விடியற்காலையில் பையனின் தாய் வேலி ஓரத்தில் வந்து நிற்பாள். கோபமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. "மாமா, இன்னைக்கு அது சோறு தின்னுச்சா?" என்று மட்டும் கேட்பாள். தின்றது என்று நான் சொன்னதும், முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். தன் பிள்ளையின் உயிரை ஒரு நாயின் பசியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால், நான்கு வருஷமாக நாய்க்குச் சோறு வைத்ததைப் புண்ணியம் என்று நினைத்திருந்த எனக்குப் பேச நா எழவில்லை. பதினோராம் நாள் செவலை வழக்கம்போலக் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. பையனும் சௌக்கியமாக இருக்கிறான்.

இந்த அநுபவத்தோடுதான் நான் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுகளைப் பத்திரிகைகளில் படித்தேன். 2025 ஆகஸ்டு 11-ஆம் தேதி, தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்றது ஓர் அமர்வு. பதினோரு நாளில் வேறோர் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடை செய்து ஊசி போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விதிவிலக்கு, கண்ட இடத்தில் உணவு வைக்கலாகாது என்று கூறியது. நவம்பர் 7-இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றுமாறும், அவற்றைத் திரும்ப அங்கே விடலாகாது என்றும் உத்தரவு வந்தது. எங்கள் டீக்கடையில் ஒரு பெஞ்சு முழுவதும் "எல்லாத்தையும் பிடிச்சுட்டுப் போகட்டும்" என்றது. எதிர் பெஞ்சு "வாயில்லா ஜீவன்" என்றது. பிப்டிக் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்புகிறவனை ஐந்தாறு நாய்கள் துரத்துகிறபோது அவன் படும் பீதி நிஜமானது. ஜீவகாருண்யம் பேசுகிறவர்கள் அந்தப் பீதியை அற்பமாக எண்ணுவது அதர்மம்.

ஆனால் நாடெங்கும் தெருநாய்களின் தொகை, 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. இத்தனை ஜீவன்களை அடைத்துத் தீனி போடக் காப்பகம் கட்டுவது எந்த ராஜ்யத்தாலும் ஆகக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. அகற்றிய இடமும் காலியாக இருப்பதில்லை. எச்சில் இலையும் குப்பைமேடும் இருக்கிறவரை, ஊசி போடாத வேறு நாய்கள் அங்கே வந்து சேரும். சென்னையில் மாநகராட்சி வெகுகாலம் நாய்களைப் பிடித்துக் கொன்று பார்த்தது; தொகை குறையவில்லை; கடைசியில் 1990-களில் கருத்தடையையும் தடுப்பூசியையும் கைக்கொண்டது. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி விழுந்துவிட்டால் வெறிநோய் பரவ வழியற்றுப் போகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிரெஞ்சு தேசத்து லூயி பாஸ்டர் இந்த நோய்க்கு மருந்து கண்டு ஒரு சிறுவனைக் காப்பாற்றியது 1885-இல். அவர் பெயரால் குன்னூரில் நிலையம் எழுந்தது 1907-இல். பிரெஞ்சுக் கொடியின்கீழ் அத்தனை காலம் இருந்த எங்கள் மண்ணில், இத்தனை காலத்துக்குப் பிறகும் ஒரு தாய், நாயின் சாப்பாட்டை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

எங்கள் ஊருக்கென்று ஒரு விசேஷக் கஷ்டமும் உண்டு. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொண்ட எல்லைகள், 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்கெடுத்து இந்தியாவோடு சேர்ந்த பிறகும், மாநில எல்லைகளாக அப்படியே நிற்கின்றன. கொஞ்ச தூரம் நடந்தால் வானூர் வட்டம், தமிழ்நாடு. இந்தப் பக்கம் புதுவையின் கொம்யூன் பஞ்சாயத்து தடுப்பூசி முகாம் நடத்தினாலும், அந்தப் பக்கத்து ஊராட்சி அதே வாரத்தில் நடத்தாவிட்டால், பாதி வேலைதான் ஆகும். இரண்டு நிர்வாகங்களும் தேதியைச் சேர்ந்து குறிப்பதற்குச் சட்டம் எதையும் திருத்த வேண்டியதில்லை. ஒரு கடிதம் போதும்.

அதைவிட முக்கியமாக நான் கேட்டுக்கொள்வது, சோறு வைக்கிறவர்களை விரோதிகளாகப் பாவிக்க வேண்டாம் என்பதே. சட்டம் வளர்ப்பு நாய் என்றும் தெருநாய் என்றும் பேசுகிறது. எங்கள் தெருவில் இருப்பது பெரும்பாலும் இரண்டிலும் அடங்காத, நாலு வீட்டுக்குப் பொதுவான நாய். அதை வலை வீசிப் பிடிக்க மூன்று ஆள் மூச்சிரைக்க ஓட வேண்டும். சோறு வைக்கிறவர் கூப்பிட்டால் தானே வந்து மடியில் தலையை வைக்கும். எந்த நாய் எந்த வீட்டுச் சோற்றைத் தின்கிறது என்று தெருவாரியாக எழுதி வைத்துக்கொண்டு, ஊசி நாளன்று அந்த வீட்டாரையே பிடித்துக்கொள்ளச் சொன்னால், வேலையில் பெரும்பங்கு முடிந்தது. வைக்கிறவர்களும் இதைத் தங்கள் கடமையாக ஏற்க வேண்டும். ஊசிக்குப் பிடித்துக்கொடுக்க மனமில்லாதவர் சோறு வைக்கவும் வேண்டாம்.

செவலைக்குக் குட்டிகள் பால்குடி மறந்ததும் கருத்தடை செய்வித்தோம். அதன் அடையாளமாகக் காதில் சிறு வெட்டோடு திரும்பி வந்தது. சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவார் காசு சேர்த்துக் கால்நடை மருத்துவர் ஒருவரை வரவழைத்தோம். பையனின் தாய் தானாக வந்து செவலையைப் பிடித்துக்கொண்டாள். தொழிற்பேட்டை வாசலில் கிடக்கும் மஞ்சள் கடுவன் மட்டும் யாருக்கும் அகப்படவில்லை. சாயங்காலம் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த வடநாட்டு இளைஞர் ஒருவர், நாங்கள் படும் பாட்டைப் பார்த்து, சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தார். கடுவன் நேராக அவரிடம் போயிற்று. அவர் மண்ணில் உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தம் பாஷையில் மெதுவாக என்னவோ சொல்லிக்கொண்டிருக்க, மருத்துவர் பின்பக்கமாகக் குனிந்து ஊசியைப் போட்டார்.