துலூமின் காலடி நீர்

மெக்ஸிகோ தேசத்தின் யுகாத்தான் தீபகற்பத்தில், கரீபியக் கடலை நோக்கி அமைந்த துலூமுக்கு வருஷந்தோறும் திரளும் யாத்ரிகர்களிற் பலர், வெண்மணலில் உலாவி, 12 மீட்டர் உயரப் பாறையின்மேல் மூன்று புறம் மதிலும் நான்காம் புறம் சமுத்திரமுமாக நிற்கும் மாயர்களின் புராதன நகரத்தைச் சுற்றிப் பார்த்து, திருப்தியோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவை காணத்தக்கவையே, ஆயினும் அவ்வூரின் உண்மையான ஐசுவரியம் அவர்கள் மிதித்து நடந்த பாறைக்குக் கீழே இருக்கிறது.

யுகாத்தானின் வடபாகத்தில் நிலத்தின்மீது ஆறுகள் ஓடுவதில்லை. பெய்யும் மழையெல்லாம் சுண்ணாம்புப் பாறையை ஊடுருவி இறங்கி, யுகயுகாந்தரமாக அதைக் கரைத்து, குகைகளாகக் குடைந்து, இருளிலேயே கடலை நோக்கிச் செல்கிறது. குகையின் கூரை இடிந்து விழுந்த இடங்களிலே அந்நீர் ஸ்படிகம்போல் வெளிச்சம் காண்கிறது. செனோட்டே எனப்படும் அத்தடாகங்கள்தாம் மாயர்களுக்குக் குடிநீரும் புண்ணிய தீர்த்தமுமாக விளங்கின. மழைத் தெய்வமான சாக்குக்கு அவற்றில் காணிக்கைகள் இட்டார்கள். துலூமுக்கருகே நீந்திக் களிக்கும்படி திறந்திருக்கும் கிரான் செனோட்டேயும் தோஸ் ஓஹோஸும் தனித்தனிக் குளங்களல்ல. 2018-இல் முக்குளிப்போர் சாக் அக்தூன், தோஸ் ஓஹோஸ் என்னும் இரு குகைத்தொடர்களும் ஒன்றே என நிரூபித்தபோது, அதன் நீளம் 347 கிலோமீட்டர் எனக் கணக்கிடப்பட்டது. அப்பகுதியின் ஓயோ நெக்ரோ என்னும் ஆழ்குழியில் 2007-இல் கிடைத்த இளம்பெண்ணின் எலும்புக்கூடு, கடல்மட்டம் மிகத் தாழ்ந்து இக்குகைகள் வறண்டிருந்த காலத்தது. ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் அவள் அவ்விருளில் எதைத் தேடி நடந்தாளோ!

இத்தகைய நிலத்தின்மேல், கழிவுநீர்க் குழாய்கள் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் விடுதிகளை எழுப்புவதை அபிவிருத்தி என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை. வடிகட்ட மண் இல்லாத அப்பாறையில் கசியும் மலநீர், குடிநீர்க் கிணற்றையும் தடாகத்தையும் தொட்டு, இறுதியில் கரைக்கப்பாலுள்ள பவளத் திட்டுகளையும் அடைகிறது. கோடையில் கரையொதுங்கும் சர்காசோப் பாசியைக் கண்டு முகம்சுளிக்கும் யாத்ரிகர், கண்ணிற்படாத இவ்வசுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. அப்பகுதியின் வழியே அமைத்த மாயா ரயில் பாதையைத் தாங்குவதற்கென்று இறக்கிய தூண்களோ குகைக் கூரைகளையே துளைத்துவிட்டன.

ஆகவே, சுத்திகரிப்பு ஏற்பாடு பூர்த்தியாகும்வரை புதிய விடுதிகளுக்கு அநுமதி தரலாகாது என்று துலூம் அடங்கிய கிந்தானா ரோ மாநிலத்தின் அரசாங்கம் விதிப்பதே நியாயம். அங்கே செல்வோரும், அறைக்குப் பணம் செலுத்துமுன், அதன் கழிவுநீர் எங்கே போகிறதென்று விடுதிக்காரரைக் கேட்கட்டும். தடாகத்தில் இறங்குமுன் உடலில் பூசிய களிம்பைக் கழுவட்டும். ஒரு பகலையேனும் தெற்கே, 1987 முதல் உலகப் பாரம்பரியத் தலமாக விளங்கும் சியான் கான் வனத்தில் கழித்து, கட்டடங்கள் நெருங்காத அக்கரையின் இயல்பைக் காணட்டும்.