தட்டு விழுந்த இடம்

கோடை விடுமுறைக்கு அமெரிக்காவில் இருந்து வந்த அக்கா மகன், பெட்டியில் இருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்தான். "மாமா, இதை வீச ஒரு பெரிய புல்வெளி வேணும்!"

காரியாபட்டியில் புல்வெளிக்கு எங்கே போவது? ஊருக்கு வெளியே இருக்கும் மேய்ச்சல் புறம்போக்குக்கு அழைத்துப் போனேன்.

ஆட்டத்தின் பெயர் டிஸ்க் கோல்ஃப். மட்டை, பந்து எதுவும் கிடையாது. 200 கிராமுக்கு மிகாத தட்டை வீசி, தூரத்தில் நிற்கும் சங்கிலிக் கூடையில் விழவைக்க வேண்டும். தட்டு எங்கே விழுகிறதோ, அங்கிருந்து அடுத்த வீச்சு. குறைந்த வீச்சில் முடிப்பவருக்கு வெற்றி. எட் ஹெட்ரிக் என்பவர் 1975-ல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே ஓக் குரோவ் பூங்காவில் இதற்கான மைதானத்தை அமைத்தார். 2002-ல் அவர் இறந்தபோது, அவர் ஆசைப்படியே அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்த்தார்களாம்!

"எங்க ஊர்ல பிரெய்ரி புல்லை அப்படியே விட்டுருவாங்க மாமா. நடக்கிற பாதையை மட்டும் வெட்டுவாங்க. காத்துதான் எதிராளி" என்றான். காற்றுக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்? ஆடி பிறக்கப்போகிறதே!

வீசுவதும் நமக்குப் புதிதல்ல. கிட்டிப்புள்ளும் விழுந்த இடத்தைப் பார்த்து அளக்கிற ஆட்டம்தான். வளரி இன்னும் பழசு. சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றுக்கொண்ட ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தேர்ந்த கையில் அது 100 கஜத்துக்குள் குறி தப்பாது என்று 1830-ல் வெளியான நூலில் எழுதியிருக்கிறார். 100 கஜம் என்றால் 300 அடி. டிஸ்க் கோல்ஃபில் ஒரு கூடைக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் தூரம்!

ஒற்றைப் பனையைக் கூடையாக வைத்துக்கொண்டோம். மூன்றாவது வீச்சிலேயே காற்று தட்டைத் தூக்கிப்போய் சீமைக் கருவேலம் புதருக்குள் போட்டது. எடுக்கப் போனவன் கையில் முள் கீறி, ரத்தம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்தான் தொரட்டியால் எடுத்துக் கொடுத்தார். "இதெல்லாம் கொழுக்கட்டைப் புல்லா கெடந்த எடம் தம்பி. இப்ப ஆட்டுக்கும் வழியில்ல, பிள்ளைகளுக்கும் வழியில்ல" என்றார்.

புல் நிலத்தைத் 'தரிசு' என்று எழுதிவைப்பது நம் வழக்கம். தரிசுதானே என்று விட்டதில் முள் புகுந்தது. கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள், மொத்தமாக அழிக்கச் சொல்லவில்லை. ஆனால், ஊருக்கு ஒரு மந்தையையாவது மீட்கலாமே? வெட்டினால் போதாது, மறுபடி துளிர்க்கும். வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் செய்தால், மழையோடு புல் தலைகாட்ட வாய்ப்புண்டு.

ஊருக்குத் திரும்பும்போது தட்டை என்னிடமே கொடுத்துவிட்டான். "அடுத்த வருஷம் வந்து வீசுறேன் மாமா."

உங்கள் ஊர் மந்தையில் ஒரு தட்டை வீசினால் எங்கே விழும்? புல்லிலா, முள்ளிலா?